இரகசிய வருகையும் செல்வமகள் கணக்கும்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஏற்காட்டில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், வாழ வந்த வீடு பெந்தெகொஸ்தே. “இரகசிய வருகை எந்த நிமிடமும் நடக்கும், விசுவாசிகள் மறைந்துபோவார்கள், மீதிப்பேர் ஏழு வருட உபத்திரவத்தில் மாட்டிக்கொள்வார்கள்” என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். ஒரு நாள் ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், தான் மட்டும் கைவிடப்பட்டோம் என்று வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கைப்பேசியில் 666 பற்றிய காணொளிகள் வந்தபடி இருக்கின்றன. மகள் பெயரில் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்றால், “அதுவரைக்கும் உலகம் இருக்கப்போகிறதா?” என்கிறாராம் மாமியார். “எங்கள் கோயிலில் இதையெல்லாம் கேட்டதே இல்லை. பைபிளில் இருக்கிறதா, இல்லையா?” என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன், இறையியல் படித்துச் சொல்லிக்கொடுத்தவன். உங்கள் மாமியாரின் சபைப் போதனையை நான் ஏற்பவன் அல்ல. ஆனால் அதைக் கேலி செய்கிறவர்கள் பக்கமும் நிற்க மாட்டேன்.

கிறிஸ்து திரும்பி வருவார் என்பது பைபிளில் இருக்கிறது. விசுவாசிகள் மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பதும் இருக்கிறது. அந்த வருகை இரண்டு கட்டமாக நடக்கும், முதல் கட்டம் உலகத்துக்குத் தெரியாமல் நடக்கும், இரண்டுக்கும் நடுவே ஏழு வருடம் என்று ஒரே இடத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. தானியேல், மத்தேயு, தெசலோனிக்கேயர், வெளிப்படுத்தின விசேஷம் ஆகியவற்றிலிருந்து பகுதிகளை எடுத்து இணைத்த ஒரு வாசிப்பு அது. இன்று நாம் கேட்கும் வடிவத்தில் அதற்கு ஏறக்குறைய இருநூறு வயது.

கோயிலில் கேட்டதே இல்லை என்கிறீர்கள். கேட்டிருக்கிறீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். ஞாயிறு திருப்பலியில் சொல்லும் விசுவாச அறிக்கையிலேயே, வாழ்வோரையும் இறந்தோரையும் தீர்ப்பிட அவர் மாட்சியுடன் மீண்டும் வருவார் என்று வருகிறது. அப்பமும் இரசமும் அர்ச்சிக்கப்பட்டபின் ‘நீர் வருமளவும்’ என்று சபை முழுவதும் சொல்கிறது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு கிறிஸ்துமஸ் குடிலைப் பற்றிப் பேசுவதே இல்லை, இரண்டாம் வருகையைப் பற்றித்தான் பேசும். மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதல் ஆண்டில் அன்றைக்கு வாசிக்கப்படுவது மத்தேயு 24. ‘இரண்டுபேர் வயலில் இருப்பார்கள்’ என்ற, உங்கள் மாமியார் அடிக்கடி சொல்லும் பகுதியேதான். சேலம் குழந்தை இயேசு பேராலயத்திலும், 1827இல் இலண்டன் மிஷன் சேலத்தில் தொடங்கிய பணியின் வாரிசுகளான எங்கள் சி.எஸ்.ஐ. ஆலயங்களிலும், உங்கள் புகுந்த வீட்டுச் சபையிலும் இந்த ஒரு நம்பிக்கை பொது. சண்டை அதன் கால அட்டவணையைப் பற்றியது.

இனி அந்த முக்கியமான பகுதிக்கு வருவோம், 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரம். பவுல் இதை ஏறத்தாழ கி.பி. 50-51இல் எழுதினார். மக்கெதோனியாவில் இருந்த தெசலோனிக்கே சபை அப்போது பச்சைக் குழந்தை. கலகம் வந்ததால் பவுல் அவசரமாக அந்த ஊரைவிட்டுப் போகவேண்டியிருந்தது. அவர் போனபின் சபையில் சிலர் இறந்துபோனார்கள். கிறிஸ்து வரும்போது இவர்கள் இருக்க மாட்டார்களே, இவர்களுக்கு அந்த நாள் நஷ்டமா என்று உயிரோடிருந்தவர்கள் கலங்கினார்கள். பவுலின் பதில் இந்தத் துக்க வீட்டுக்குச் சொன்ன பதில்: ‘கர்த்தர் தாமே ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும் வானத்திலிருந்து இறங்கிவருவார், அப்பொழுது கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்.’ அதற்குப் பிறகுதான் உயிரோடிருப்பவர்கள் அவர்களோடுகூட எடுத்துக்கொள்ளப்படுவதைச் சொல்கிறார். ஒருவரும் விடுபட மாட்டார்கள், இறந்தவர்கள்கூட விடுபட மாட்டார்கள் என்பதற்காக எழுதப்பட்ட வரிகள் இவை. ‘இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்’ என்று அந்த அதிகாரம் முடிகிறது. அதை வைத்து ஒரு குழந்தையை நடுங்க வைக்கலாம் என்று பவுல் நினைத்திருக்கவே மாட்டார்.

ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், எக்காளம். இவ்வளவு சத்தத்தோடு நடப்பதை எப்படி இரகசியம் என்கிறார்கள் என்பது எனக்கு என்றைக்கும் விளங்கவில்லை. அவர்களிடம் பதில் உண்டு: சத்தம் விசுவாசிகளின் காதுக்கு மட்டும் கேட்கும் என்பார்கள். பகுதியில் அப்படி இல்லை.

ஆகாயத்தில் எதிர்கொண்டு போனபின் எங்கே போவார்கள்? அதைப் பவுல் எழுதவில்லை. பரலோகத்துக்கு ஏழு வருடம் என்பது மற்றப் பகுதிகளிலிருந்து சேர்த்தது. அந்தக் காலத்து நகரங்களில் அரசனோ பெரிய அதிகாரியோ வந்தால் குடிமக்கள் ஊருக்கு வெளியே போய் எதிர்கொண்டு, கூடவே ஊருக்குள் திரும்புவது மரபு. பவுல் ரோமாபுரிக்குப் போனபோது அங்கிருந்த சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும், மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்ததை அப்போஸ்தலர் 28 சொல்கிறது. அவர்கள் பவுலோடு ரோமுக்குத்தான் திரும்பினார்கள். ஏற்காட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சேலத்திலிருந்து ஆயர் மேலே வந்தால் மேளத்தோடு ஊர் எல்லைக்குப் போய் மாலை போட்டு அழைத்துவருவீர்களே தவிர, அவரோடு வண்டியேறிச் சேலத்துக்கு இறங்கிவிட மாட்டீர்கள். பல வேத அறிஞர்கள் இந்தப் பகுதியை இப்படித்தான் வாசிக்கிறார்கள், எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

‘ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்’ என்பதையும் முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். நோவாவின் காலத்தில் வெள்ளம் வந்து எல்லாரையும் வாரிக்கொண்டு போயிற்று என்று இயேசு சொல்கிறார். அங்கே வாரிக்கொண்டு போகப்பட்டவர்கள் அழிந்தவர்கள், விட்டுவைக்கப்பட்டவர் நோவா. அப்படியானால் அடுத்த வசனத்தில் யார் பாக்கியவான் என்பது பலர் நினைக்கிற அளவுக்கு நிச்சயமில்லை.

ஏழு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், தானியேல் 9இலிருந்து. அங்கே எழுபது ‘வாரங்கள்’ வருகின்றன. ஒரு வாரம் ஏழு வருடம் என்று கொண்டு, 69 வாரங்கள் கிறிஸ்துவோடு முடிந்தன, எழுபதாவது இன்னும் வரவில்லை, நடுவில் இருப்பது சபையின் காலம், அந்தக் கடைசி வாரம்தான் ஏழு வருட உபத்திரவம் என்று வகுத்தவர் ஜான் நெல்சன் டார்பி (1800-1882). அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையில் குருவாக இருந்து, பிறகு சகோதரர் சபை என்று நாம் அழைக்கும் பிரதரன் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானவர். இஸ்ரவேல் ஒரு ஜனம், சபை வேறொரு ஜனம், கடவுளின் திட்டத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது என்பது அவருடைய அடிப்படை. கடைசி வாரம் இஸ்ரவேலுக்குரியது என்றால் அதற்கு முன் சபை பூமியைவிட்டுப் போய்விட வேண்டுமல்லவா? இரகசிய வருகை அந்த இடத்தில் அவருக்குத் தேவைப்பட்டது. 1830களில் அயர்லாந்தில் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளில் இது பேசப்பட்டது. இயக்கத்துக்குள்ளேயே பிளிமத் நகரத்து பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன் இதை ஒப்புக்கொள்ளவில்லை, சபை உபத்திரவத்தைக் கடந்துதான் போகும் என்றார். 1840களில் இருவருக்கும் முறிந்தது, காரணங்களில் இதுவும் ஒன்று. பிறந்த வீட்டிலேயே ஒருமனது இல்லாத போதனை என்பதை நினைவில் வையுங்கள்.

உலகெங்கும் இதைப் பரப்பியது 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு பைபிள். வசனத்துக்குக் கீழே அதே பக்கத்தில் குறிப்புகள். வாசிப்பவர்களுக்கு எது வேதம், எது குறிப்பு என்ற வேற்றுமை நாளடைவில் மங்கிவிடும். தமிழ் நாட்டுக்குள் இயக்கம் வந்த வழி அதற்கு முந்தியது. டார்பியின் தோழராகத் தொடங்கி அவரோடு கருத்து வேறுபட்ட அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், பாக்தாத் வழியாக 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு நெருங்கிப் பழகியவர் திருநெல்வேலிச் சீமையின் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810-1867). 1860இல் அவருடைய கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கிய எழுப்புதலைப் பற்றித் தென்தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெந்தெகொஸ்தே சபைகள் வந்தபோது, ஆவியின் வரங்களைப் பற்றி டார்பியின் வழிவந்தவர்களோடு முட்டிக்கொண்டாலும், கடைசிக்கால அட்டவணையை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கன்வென்ஷன் பந்தலில் துணியில் வரைந்து தொங்கவிடும் யுகங்களின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் மாமியார் பைபிளை வாசிப்பது அந்தப் படத்தின் ஊடாக.

அவர் பக்கத்து வாதங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் 3:10இல் பிலதெல்பியா சபைக்கு, பூமியெங்கும் வரப்போகிற சோதனைகாலத்துக்குத் தப்பும்படி உன்னைக் காப்பேன் என்ற வாக்கு இருக்கிறது. உபத்திரவத்தை விவரிக்கும் அதிகாரங்களில் பூமியிலுள்ள சபை என்ற பேச்சே இல்லை என்பார்கள். ஏழு வருட அடையாளங்கள் முன்னால் நடந்துவிட்டால் நாளைக் கணக்குப் போட்டுவிடலாமே, நினையாத நாழிகையில் வருவேன் என்பது எப்படிப் பொருந்தும் என்றும் கேட்பார்கள். இந்தக் கடைசி வாதம் பலமானது. எதிர்ப்பக்கத்துக்குப் பலமானது 2 தெசலோனிக்கேயர் 2: நாம் அவரிடத்திலே சேர்க்கப்படுவதைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாவமனுஷன் வெளிப்பட்டாலொழிய அந்த நாள் வராது என்கிறார் பவுல். முதலில் அந்தப் பாவமனுஷன், அதாவது அந்திக்கிறிஸ்து, பிறகு சேர்க்கப்படுதல். கத்தோலிக்கப் போதனையும் இந்த வரிசைதான்: 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு, கிறிஸ்துவின் வருகைக்கு முன் திருச்சபை ஓர் இறுதிச் சோதனையைக் கடந்தாக வேண்டும் என்கிறது. தப்பித்தல் இல்லை, கடந்துபோதல்.

ஆயிரவருட அரசாட்சி பற்றி ஒரு பத்தி போதும். கிறிஸ்து ஆயிரம் வருடம் ஆளுவதாக வெளிப்படுத்தின விசேஷம் 20இல் வருகிறது. பூமியில் நேரடியாக நடக்கப்போகும் ஆட்சி என்று எடுத்தவர்கள் முதல் நூற்றாண்டுகளிலேயே உண்டு. இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் அப்படி நம்பிக்கொண்டே, பக்தியுள்ள வேறு பலர் இதை ஒப்புவதில்லை என்றும் எழுதிவைத்தார். பிற்கால இறையியலாளர் அகுஸ்தீன் முதலில் அப்படி நம்பி, பிறகு மாறி, அது சபையின் இந்தக் காலத்தையே குறிக்கிறது என்றார். ரோமன் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் பெரும்பாலும் அவர் வழி. ஜஸ்டினின் அந்தப் பெருந்தன்மை இன்று நம் மேடைகளில் இல்லை.

இப்போது உங்கள் மகள். அவளுடைய பயத்தைச் சின்னதாக எடுக்காதீர்கள். இந்தப் போதனையில் வளர்ந்த பெரியவர்கள் பலர் இதே அனுபவத்தைச் சொல்வார்கள்: அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அம்மாவைக் காணோம். சில சபைகளில், விசுவாசிகள் எல்லாருமல்ல, பரிசுத்தத்தில் தேறினவர்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்றும் சொல்வதால் பயம் இரட்டிப்பாகிறது. பாட்டி சொல்வது பொய் என்று மட்டும் மகளிடம் சொல்லாதீர்கள். ஒரு பயத்தோடு, யாரை நம்புவது என்ற இன்னொரு பயமும் சேரும். இரகசிய வருகையைப் போதிக்கும் போதகர்களிலேயே பலர், சிறு பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்றுதான் சொல்கிறார்கள். இறந்த குழந்தையைப் பற்றித் தாவீது, நான் அதினிடத்துக்குப் போவேன் என்று சொன்னதை ஆதாரம் காட்டுவார்கள். ஆகவே பாட்டியின் கணக்குப்படியே பார்த்தாலும் பேத்தி கைவிடப்பட மாட்டாள். இதைப் பாட்டியின் வாயாலேயே, முடிந்தால் அவர்கள் பாஸ்டரின் வாயாலேயே, அவளிடம் சொல்லவையுங்கள். நீங்கள் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்யும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவைத்து, யாரும் இல்லையென்றால் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். இது இறையியல் இல்லைதான், ஆனாலும் பாதிப் பயம் இதில் போய்விடும்.

நாள் குறிப்பவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. ‘அந்த நாளையும் அந்த நாழிகையையும்’ பிதா தவிர ஒருவரும் அறியார் என்று இயேசுவே சொன்னபிறகும் விட மாட்டார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றி 1844 அக்டோபர் 22 அன்று ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். இஸ்ரவேல் நாடு 1948இல் உருவானது, ஒரு தலைமுறை 40 வருடம் என்று கூட்டி, 1988 செப்டம்பர் என்றார் எட்கர் விசெனன்ட். ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், தவறியபின் அக்டோபர் 21 என்றார். 2025 செப்டம்பர் 23, 24 என்று தென்னாப்பிரிக்கர் ஒருவர் சொன்ன காணொளி உலகத்தைச் சுற்றியது. இவர்களில் என் மனதைவிட்டுப் போகாதவர் தென்கொரியாவின் லீ ஜாங் ரிம். 1992 அக்டோபர் 28 என்று குறித்தார். அதை நம்பியவர்கள் வேலையை விட்டார்கள், சொத்தைக் கொடுத்தார்கள். அந்த நாளுக்கு முந்தைய மாதமே மோசடிக் குற்றச்சாட்டில் அவரைக் கைது செய்த அதிகாரிகள், அவர் வாங்கிவைத்திருந்த கடன்பத்திரங்களைக் கண்டுபிடித்தார்கள். அவை முதிர்வடைவது 1993இல்! பிறகு சிறைத் தண்டனையும் கிடைத்தது. அடுத்த முறை யாராவது தேதியோடு காணொளி அனுப்பினால், அனுப்பியவரின் வைப்புநிதி எந்த வருடம் முதிர்கிறது என்று கேளுங்கள்.

உங்கள் மாமியாரின் சபை நாள் குறிக்கிற சபை இல்லையென்றால், அதை அவர்கள் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் நாள் குறிப்பதை ஏற்பதில்லை.

666க்கு வருகிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வருவது அது. பார்கோடு வந்தபோது அதுதான் மிருகத்தின் முத்திரை என்றார்கள். பிறகு ஆதார், பிறகு கொரோனா தடுப்பூசி. எபிரெய, கிரேக்க எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. பழைய தமிழில் க என்றால் 1, உ என்றால் 2 அல்லவா, அது போலத்தான். ஆகவே ஒரு பெயரை எண்ணாகச் சொல்வது அந்தக் காலத்தில் பழக்கமான காரியம். ‘நீரோ சீசர்’ என்பதை எபிரெய எழுத்தில் கூட்டினால் 666 வருகிறது. சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது, அதே பெயரை இலத்தீன் உச்சரிப்புப்படி எழுதினால் 616 வரும். கிறிஸ்தவர்களைக் கொன்ற பேரரசனையும் அவனைத் தெய்வமாக்கிய ஆட்சியையும் ஆசியாவிலிருந்த ஏழு சபைகள் புரிந்துகொள்ளும்படி எழுதிய குறி அது என்பது பல அறிஞர்களின் முடிவு. அது எதிர்காலத்துக்கும் பொருந்தும் என்று நம்புகிறவர்கள்கூட ஒன்றை மறக்கக் கூடாது: வெளிப்படுத்தின விசேஷத்தில் முத்திரை வருவது மிருகத்தை வணங்குவதோடு. ரேஷன் கடையில் கைரேகை வைப்பதில் வணக்கம் எதுவும் இல்லை.

கடைசியாக அந்த அஞ்சலகக் கணக்கு. தெசலோனிக்கேயில் சிலர் வருகை நெருங்கிவிட்டது என்றோ வேறு காரணத்தாலோ வேலை செய்யாமல் திரிந்தார்கள். வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதியது அவர்களுக்கு. மாமியாரிடம் அந்த வசனத்தைக் காட்டாதீர்கள், வீட்டில் சண்டை வரும். லூக்கா 19ஐக் காட்டுங்கள். தூரதேசம் போகிற எஜமான் ஊழியக்காரரிடம் பணம் கொடுத்து, ‘நான் திரும்பிவருமளவும் இதைக்கொண்டு வியாபாரம்பண்ணுங்கள்’ என்கிறான். பணத்தைச் சீலையிலே கட்டி வைத்தவன்தான் திட்டு வாங்குகிறான். எரேமியா 32ம் உதவும். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கும்போது, நகரம் விழப்போகிறது என்று தானே தீர்க்கதரிசனம் சொன்ன மனிதன், ஆனதோத்தில் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கி, பத்திரத்தைப் பானையில் போட்டுப் பத்திரப்படுத்துகிறான். வருகையை நம்புகிறவரிடம் வருகையை மறுத்துப் பேசி எந்தக் கணக்கும் தொடங்க முடியாது. நம்பிக்கொண்டே தொடங்கலாம் என்று இந்த இரண்டு பகுதிகளும் சொல்லும்.

இதில் உண்மையாகவே நாள் குறித்திருப்பது அஞ்சலகம்தான். செல்வமகள் கணக்கைப் பெண்ணுக்குப் பத்து வயது நிறைவதற்குள் தொடங்கிவிட வேண்டும். உங்கள் மகளுக்கு ஒன்பது. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும், பதினைந்து வருடம் கட்ட வேண்டும், தொடங்கியதிலிருந்து 21 வருடத்தில் முதிரும். மகளின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் ஆதார், பான் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்வாருங்கள்.